சுடாமல் செத்த பறவைகள்

இருதயராஜ் அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கிளியனூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து திண்டிவனம் வரைக்கும் எதிர்காற்றிலும் மிதித்து வருகிறவன் அவன். கடை வாசலில் இடது கையால் சைக்கிளைச் சாத்திவிட்டு, படியேறி, கல்லாவுக்கு எதிரே நின்றான். வலது கை மணிக்கட்டோடு மடிந்து, கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"என்னப்பா கை?" என்றார் நேமிராஜ்.

"தூக்க வரலைங்க நயினாரே. கொஞ்ச நாளா இப்டிதான் கீது. வயிறும் முறுக்கி முறுக்கி வலிக்குது." கடையில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு வழக்கமான குரலில் சேர்த்துக்கொண்டான்: "பைப்புக்கு ஈயம் வேணுங்க."

நேமிராஜுக்கு அந்த வார்த்தை உறுத்தியது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

மரக்காணம் சாலையில் இருந்த அந்த இரும்புக் கடையை ஊரில் சமணர்களுக்கு வழங்கும் பட்டப்படி நயினார் கடை என்பார்கள். ஆணி, கீல், கம்பி, பைப்பு, பழைய ஈயம். சமண வீட்டுக் கடை என்பதால் எலிப்பொறி விற்பதில்லை, தூண்டில் முள் விற்பதில்லை. நேமிராஜின் தகப்பனார் காலத்திலிருந்தே அப்படி. கடைக்குப் பின்கட்டில் இருந்த வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். விளக்கில் பூச்சி விழுந்தாலே மனைவி பத்மாம்பாள் முகம் சுருங்கிவிடும்.

பல வருஷங்களுக்கு முன்பு இருதயராஜ் முதல் தடவை வந்தபோது ஒளிவுமறைவில்லாமல்தான் கேட்டான். "துப்பாக்கிக்கு ரவை ஊத்தறதுக்கு ஈயம் வேணுங்க." கழுவேலி ஏரியில் ஐப்பசி தொடங்கிவிட்டால் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். சிறகியும் உள்ளானும் சுடுவதற்குத் துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு மிளகு பருமனில் ஈய ரவை வேண்டும். ஈயத்தைச் சட்டியில் உருக்கி, துளைபோட்ட கரண்டி வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் ரவை. இருதயராஜுக்கு அந்த வேலை சுத்தமாக வந்தது.

அப்போது கடையில் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நேமிராஜ் காதில் விழாததுபோல் இருந்துவிட்டு, அவர்கள் போனதும் இருதயராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே இங்க வந்து ரவைன்னு கேக்காத. பைப்பு ஜாயிண்டுக்குன்னு கேளு." ஈயம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அவன் தலையாட்டினான். அன்று முதல் கடையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பைப்புக்குத்தான் கேட்டான். நேமிராஜும் சுடுகிற கை வேறு, என் கை வேறு என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். வருஷங்கள் போகப்போக அந்தச் சமாதானம்கூடத் தேவைப்படவில்லை.

இப்போது தொங்குகிற கையைப் பார்த்ததும் அவருக்கு இரக்கம் வந்தது. "வா, டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடைத் தெருவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவனை அழைத்துக்கொண்டு நடந்தபோது நல்ல காரியம் செய்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் ஸ்ரீசந்திரன் அவருக்குச் சொந்தம். அதைவிட நெருக்கமான சொந்தமாக ஆகப்போகிறவர். டாக்டரின் தம்பிக்கு நேமிராஜின் மகள் சாந்திமதியைப் பேசி முடித்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அதனால் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி உடனே உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை.

"என்ன வேலை செய்யறே?"

இருதயராஜ் திரும்பி நேமிராஜைப் பார்த்தான். கண நேரம்தான்.

"பைப்பு வேலைங்க. பள்ளம் தோண்டறதுங்க."

"பள்ளம் தோண்டறவன் கை இப்படித் தொங்காதே. குடிப்பியா?"

"இல்லைங்க."

"பொய் சொல்லாத. சாராயத்தக் குடிச்சிட்டுக் கை மேலயே தல வெச்சி விடிய விடியக் கெடந்தா நரம்பு அமுங்கி இப்படித்தான் ஆவும். வயித்து வலியும் அதனாலதான். எத்தினி வருஷமா?"

"குடிக்கறதே இல்லைங்க சார்."

டாக்டர் நேமிராஜைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் இதத்தான் மாமா சொல்லுவாங்க." பிறகு இருதயராஜ் பக்கம் திரும்பி, பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டாமா, இவ்வளவு பெரிய மனுஷர் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே, அவருக்காவது மரியாதை வேண்டாமா என்று நன்றாகத் திட்டினார். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருதயராஜ் தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

நேமிராஜுக்கு வாய் வரைக்கும் வந்தது. இவன் ஈயம் காய்ச்சுகிறவன் என்று ஒரு வார்த்தை. எதற்கு ஈயம் என்று டாக்டர் கேட்பார். ரவைக்கு. எங்கே வாங்குகிறான்? அந்தக் கேள்வி வரைக்கும் யோசித்தவர் வாயை மூடிக்கொண்டார். மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெளியே வந்ததும் இருதயராஜ் மெதுவாகச் சொன்னான். "ரவைன்னு சொல்லாம வுட்டுட்டேங்க. ஒங்க பேரு வந்துடும்னு."

"நல்லது" என்றார் நேமிராஜ்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவன் ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்தார்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்தும் செஞ்சிப் பக்கத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். தாம்பூலம் மாற்றும்போது பெரியவர் ஒருவர் நேமிராஜின் குடும்பத்தைப் பற்றி, "ஒரு எறும்புக்குக்கூடத் தீங்கு நெனைக்காத வம்சம்" என்றார். நேமிராஜ் கும்பிட்டார். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பித்தம் என்று பத்மாம்பாள் மோரில் சீரகம் போட்டுக் கொடுத்தாள்.

இருதயராஜ் அதற்குப் பிறகு வரவில்லை. சீசன் நேரம், துப்பாக்கிக்காரர்கள் வருகிற நேரம், அவன் வராமல் இருந்ததே இல்லை. கார்த்திகை பிறந்து மழை விட்ட ஒரு நாள் மத்தியானம் நேமிராஜ் புதுச்சேரி பஸ்ஸில் ஏறி, கிளியனூரில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டே காலனிக்குள் நுழைந்தார்.

வழி சொன்ன டீக்கடைக்காரர், "யாரு, அந்தக் குடிகார இருதயராஜா?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் பின்னால் குட்டை. கரையில் மழைக்கு ஒதுங்கப் போட்ட ஓலைச் சார்ப்பின் கீழே கரி அடுப்பும் கறுத்துப்போன சட்டியும் இருந்தன. ரவை ஊற்றின தண்ணீரை அந்தக் குட்டையில்தான் கொட்டுவார்கள் போலிருக்கிறது. சரிந்த மண்ணெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாக மின்னியது. இருதயராஜின் மனைவி சவுரியம்மாள் குட்டை ஓரத்தில் குந்தியிருந்தாள். அவள் முன்னால் ஒரு வாத்து. அது செத்திருக்கவில்லை. இரண்டு இறக்கையும் தரையில் புரள, கழுத்தைத் தூக்கப் பார்த்து, தூக்க முடியாமல் சாய்த்துக்கொண்டே இருந்தது.

அவரைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அவரு உள்ள படுத்துக்கினு கீறாரு. இப்ப ரெண்டு கையும் வரலை. நான்தான் சோறு ஊட்டறேன்."

"மருந்து?"

"இன்னா மருந்து? குடிய வுட்டா சரியாப் பூடும்னு டாக்டரு சொன்னாராமே. அங்க வரிசைல குந்தினு இருந்தவ எங்க ஊர்க்காரி. வந்து தெருவெல்லாம் சொல்லிட்டா. எங்க அண்ணன் வந்து, எந்தங்கச்சிய ஏமாத்திட்டியேன்னு இவர அடிக்கப் போயிட்டான். கோயில்ல சாமியாரு கூப்ட்டு வெச்சி பைபிள் மேல சத்தியம் வாங்கறாரு, இனிமே குடிக்கமாட்டேன்னு. குடிக்காத மனுசன் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு வந்தாரு நயினாரே." அவள் அழவில்லை. "ஏன்யா, ஈயம் காச்சறேன்னு சொல்றதுக்கு இன்னான்னு கேட்டா, சொல்லக்கூடாதுன்றாரு. அவ்ளோதான்."

நேமிராஜ் வாத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு இடமில்லை. அந்த இறக்கை தொங்குவது அவருக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று உடனே தெரிந்தது.

"இதுக்கு என்னம்மா ஆச்சு?"

"எல்லாம் இப்டிதான் பூடுச்சி. பச்சை பச்சையாக் கழிஞ்சிட்டு ஒண்ணு ஒண்ணா சாஞ்சிடுச்சி. எவனோ பொறாமைல மருந்து வெச்சிட்டான்னு நேத்து செத்தத அறுத்துப் பாத்தேன்." சார்ப்புக்குள் குனிந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து வந்தாள். "இரைப்பைல இருந்திச்சி. கைய நீட்டுங்க."

நீட்டினார். மாமிசத்தை விரலால் தொட்டிராத கை அது. உள்ளங்கையில் மணலும் கூழாங்கற்களும் விழுந்தன. நடுவில் ஈய ரவைகள். உருண்டையாக இல்லாமல், அரைபட்டு, தேய்ந்து, பருப்பு மாதிரி தட்டையாகிப் போனவை.

"ஒங்க கடைச் சரக்குதான்" என்றாள் சவுரியம்மாள். "கல்லுன்னு பொறுக்கித் தின்னுடுச்சிங்க. ஏரிலயும் இப்டிதான் சாவுதுன்றாங்க மீன் புடிக்கறவங்க. சிறகி தண்ணில மெதக்குதாம், எடுத்துப் பாத்தா ஒடம்புல காயமே இல்லியாம். சுடாமயே சாவுதுங்க நயினாரே. இத்தினி வருசமா சுட்டது எல்லாம் பறவை மேலயா பட்டுது? முக்காவாசி தண்ணிலதானே வுழுந்துது."

நேமிராஜால் கையை மூடவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை. சுடுகிறவன் கை வேறு என்று இத்தனை காலம் சொல்லி வைத்திருந்தது அந்த உள்ளங்கையில் கிடந்தது. இந்த வாத்தை யாரும் சுடவில்லை. இருதயராஜையும் யாரும் சுடவில்லை.

அவர் வீட்டுக்குள் போய் அவனைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் வரவில்லை. ரவையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கிடைத்த லாரியில் ஏறித் திண்டிவனம் வந்து, நேராக டாக்டர் வீட்டுக்குப் போனார்.

பொழுது சாய்கிற நேரம். டாக்டரின் தாயார் அனந்தவல்லி அம்மாள் இலை போட்டுக்கொண்டிருந்தார். "வாங்கண்ணா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. இருட்டறதுக்குள்ள ஒரு வாய் சாப்ட்டுடுங்க."

"இல்லம்மா." நேமிராஜ் நின்றுகொண்டே டாக்டரிடம் சொன்னார். "அன்னைக்கு ஒருத்தன இட்டாந்தேனே, கை தொங்கிப்போயி. அவன் குடிக்கறவன் இல்ல. பைப்பு வேலையும் செய்யல. ஈயத்தக் காய்ச்சித் துப்பாக்கிக்கு ரவை ஊத்தறவன்." மிச்சத்தையும் சொன்னார். "ஈயம் என் கடையிலதான் வாங்கறான். ரொம்ப வருஷமா. எதுக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். பைப்புன்னு சொல்லச் சொன்னதும் நாந்தான்."

கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினார். செத்த வாத்தின் இரைப்பையிலிருந்து எடுத்தது என்று அவர் சொன்னதும் அனந்தவல்லி அம்மாள் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்ரீசந்திரன் ரவைகளை விரலால் புரட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நேமிராஜ் எதிர்பார்த்தார். அவருக்கு அது வேண்டியும் இருந்தது. ஆனால் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஈய விஷம். ஈறைப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும் மாமா. நான் வாயத் தொறக்கச் சொல்லல. கை தொங்குது, கூலிக்காரன், அதனால குடிகாரன். கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்." எழுந்து சாவியை எடுத்தார். "வாங்க, இப்பவே போயிடலாம்."

செருப்பை மாட்டும்போது அனந்தவல்லி அம்மாள் வாசல் வரைக்கும் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணா, இது இந்த வீட்டோட இருக்கட்டும். பத்திரிகை அச்சுக்குக் குடுத்தாச்சு. நம்ம ஜனத்துக்குள்ள தெரியவேணாம்."

நேமிராஜ் தலையாட்டினார். நெஞ்சில் ஒரு நிம்மதி ஓடியது. கார் நகர்ந்து, கிளியனூர் சாலையில் புளியமரங்கள் பின்னால் போகத் தொடங்கியபோதுதான் அந்த நிம்மதியை நினைத்து உடம்பு கூசியது.

குடிசையில் சிம்னி விளக்கு எரிந்தது. டாக்டர் பாய் மேலேயே உட்கார்ந்து இருதயராஜின் உதட்டை விலக்கி டார்ச் அடித்தார். பல்லை ஒட்டி ஈறில் நீலமாக ஒரு கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. "பாருங்க" என்றார் நேமிராஜிடம். பிறகு இருதயராஜிடம், "நீ குடிக்கலைன்னு சொன்னது நெசம்தான். அத்தினி பேரு முன்னால நான்தான் தப்பாப் பேசிட்டேன். ஈயம் ஒடம்புல ஏறியிருக்கு. புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார்.

ஈயம் என்ற சொல்லைக் கேட்டதும் இருதயராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து உட்காரப் பார்த்தான். கைகள் ஊன்றவில்லை. டாக்டரைத் தாண்டி, வாசலருகே நின்ற நேமிராஜைப் பார்த்தான்.

"நயினாரே, நான் ஒண்ணும் சொல்லலைங்க. மாதா சத்தியமா நான் சொல்லலைங்க."

நேமிராஜ் அதற்கு முன்பும் அவமானப்பட்டிருக்கிறார். வியாபாரத்தில் தலைகுனிந்திருக்கிறார். ஆனால் அந்த மனிதன் படுத்த இடத்திலிருந்து தன்னைப் பார்த்துப் பயந்தபோது ஏற்பட்டது வேறு. நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தாம்பா சொன்னேன்" என்றார். "நீ சொல்லல. நாந்தான் சொன்னேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தார். சவுரியம்மாள் புடவை, பாய், டம்ளர் என்று பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்வதுகூடத் தனக்குச் சௌகரியம் தேடிக்கொள்கிற மாதிரி இருந்தது. பையை வாங்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார்.

இருதயராஜ் பொங்கலையும் ஆஸ்பத்திரியில்தான் கழித்தான். ரத்தத்திலிருந்து ஈயத்தை வாங்குகிற ஊசி போட்டார்கள். வயிற்றுவலி முதலில் போயிற்று. கை மெதுவாக வந்தது, முழுசாக வரவில்லை. இடது கை பரவாயில்லை, வலது கையால் டம்ளரைத் தூக்கலாம், சட்டைப் பித்தான் போட முடியாது. சவுரியம்மாள் சட்டியை அடுப்பிலிருந்து எடுத்து ஒரு மூலையில் கவிழ்த்துவிட்டாள். குயிலாப்பாளையத்தில் அவளுடைய சித்தி மகள் ஆரோவில்லில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் சொல்லி, இருதயராஜுக்கும் சவுரியம்மாளுக்கும் அங்கே மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கிடைத்தது. டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் காலனிக் கோயிலுக்குப் போய், இருதயராஜுக்கு வந்தது குடியால் வந்த நோய் இல்லை என்று சாமியாரிடமும் கூட்டத்திடமும் சொல்லிவிட்டு வந்தார். நேமிராஜின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

தை மாதத்தில் சாந்திமதி கல்யாணம் நடந்தது. கடையில் ஈயம் நின்றுபோயிற்று. இதெல்லாம் சரியாகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைக்கலாம். நேமிராஜுக்கு மட்டும் எதுவும் சரியாகவில்லை. யாராவது கும்பிட்டால் கை எழ மறுத்தது.

பங்குனி வெயிலில் காலனிக் குட்டை வற்றியது. நேமிராஜ் மண்ணாங்கட்டி என்கிற மேஸ்திரியையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்க் குட்டையைத் தூர் வாரச் சொன்னார். சாம்பல் நிற மண் கரையில் குவிந்தது. மத்தியானம் மண்ணாங்கட்டி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "இத எங்க கொட்றதுங்க?"

நேமிராஜ் அதை யோசிக்கவே இல்லை. சுற்றிப் பார்த்தார். அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லை. இந்தப் பக்கம் வாய்க்கால், அது நேராக ஏரிக்குப் போகிறது. புறம்போக்கில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஏரிக்கரைல கொட்டிடலாமா?" என்றான் மண்ணாங்கட்டி.

"அய்யய்யோ, வேணாம்பா."

வேலைக்குப் போகாமல் அன்று வீட்டிலிருந்த சவுரியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கிருந்து வந்துதோ அங்கயே கொண்டு போயி கொட்டுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

நாலைந்து நாள் கழித்து டிராக்டர் பிடித்தார்கள். பட்டப்பகலில், சந்தை நாளில், மண் ஏற்றின டிரெய்லர் திண்டிவனம் கடைத்தெருவில் ஊர்ந்து வந்து நயினார் கடை வாசலில் நின்றது. கடைக்குப் பின்னால் ஆழமாகப் பள்ளம் வெட்டி, அடியில் சிமெண்டு பூசி வைத்திருந்தார் நேமிராஜ். மேலேயும் மூடிவிடுவதாக ஏற்பாடு. ஆட்கள் கூடைகூடையாக மண்ணைக் கடை வழியாக உள்ளே தூக்கிப் போனார்கள்.

கும்பல் சேர்ந்தது. ஜவுளி வாங்க வந்திருந்த வீரசேனன் குடையை மடக்கிக்கொண்டு படியேறினார். நிச்சயதார்த்தத்தில் வம்சத்தைப் புகழ்ந்தவர் அவர்தான். "என்ன நேமிராஜ், சேத்தக் கொண்டாந்து வீட்டுல வெச்சிக்கிறே? பொதையல் ஏதாவது கெடச்சுதா?"

பத்மாம்பாள் பின்கட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். அவளுக்கும் அதுவரை அவர் சொல்லியிருக்கவில்லை. குட்டை தூர் வாருகிறேன், அந்த மண்ணைக் கொட்டத்தான் பள்ளம், தருமம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

நேமிராஜ் அவளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "ஈயம் கலந்த மண்ணு. துப்பாக்கி ரவை. நான் வித்த ஈயத்துல ஊத்துனது. வெளிய கெடந்தா பறவைங்க பொறுக்கித் தின்னு சாவும். ஊத்துனவனும் கை வெளங்காமப் போயிட்டான். தெரிஞ்சேதான் வித்தேன். பைப்புக்குன்னு சொல்லி வித்தேன்."

கும்பலில் யாரோ சிரித்தார்கள். யாரோ ச்சு என்றார்கள். வீரசேனன் சிரிக்கவில்லை. டிரெய்லரை ஒரு தடவை பார்த்தார். "எல்லாத்தையும் அள்ளிட்டியா?"

"குட்டைல இருந்தத அள்ளிட்டேன். ஏரில கெடக்கறத அள்ள முடியாது."

வீரசேனன் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப் படி ஏறவே இல்லை.  பத்மாம்பாள் உள்ளே போய் ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்து ஆட்கள் குடிக்க வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, அதற்கடுத்த பல நாட்களும் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நேமிராஜ் நினைத்திருந்தார். குறையவில்லை. எதிர்க்கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரெய்லரில் பாதி மண் மிச்சமிருந்தது.

"ஜல்தியா ஆகட்டும்பா" என்று மண்ணாங்கட்டி ஆட்களை விரட்டினான். நேமிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, காலியாகக் கிடந்த ஒரு கூடையை எடுத்து மண்ணுக்கு நீட்டினார்.